பட்டியலில் முதல் பெயர்

“பேரைப் போட்டாத்தான்க்கா புத்தகம் திரும்பி வரும். நோட்டீஸ் போர்டை இப்ப யாரு நிமிர்ந்து பார்க்கறாங்க?”

கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னது லைப்ரரி டீச்சருக்கும் சரியென்றுதான் பட்டது.

பள்ளி நூலகத்துக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கி மூன்று வாரம். தலைமையாசிரியை உத்தரவு. புது அட்டைப் படம், நல்ல வாசகம் என்று லைப்ரரி டீச்சர் என்னென்னவோ போட்டுப் பார்த்தாள். ஏழு லைக்கைத் தாண்டவில்லை. அதிலும் இரண்டு, அவள் பெண்ணும் மாப்பிள்ளையும்.

‘புத்தகம் திருப்பித் தராதவர்கள்’ என்று தலைப்பு வைத்தாள். இஷ்யூ ரிஜிஸ்டரைப் பார்த்துப் பதினோரு பெயர் அடித்தாள். முதல் பெயர் பி.டி. மாஸ்டர். பறவைகளைப் பற்றிய படப் புத்தகம். பதினாலு மாதம்.

“மாஸ்டர் பேருமா?” விரல் தயங்கியது.

“பெரிய பேரா இருந்தாத்தான்க்கா எடுபடும். அமுக்குங்க!”

அமுக்கினாள்.

சாயங்காலத்துக்குள் இருநூறு லைக். கீழே பசங்களின் கமெண்ட் கொட்டிக் கிடந்தது.

‘மாஸ்டருக்குப் படிக்க வருமா?’

‘பறவையையும் பத்து ரவுண்டு ஓட விட்டிருப்பார். அதான் புத்தகத்தோட ஓடிப் போச்சு.’

பெரிதாக்கி வாசிக்கலாமென்று விரலை வைத்தவள், எதையோ தொட்டுவிட்டாள். அந்தக் கமெண்டின் கீழ் ஒரு சிரிக்கிற மூஞ்சி வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் நூலகத்தின் பெயரில்! எடுக்கத் தெரியவில்லை. ‘கடவுளே’ என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாளே பத்துப் புத்தகங்கள் வந்து விழுந்தன. தலைமையாசிரியைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“வருஷக் கணக்கா கெஞ்சினோம், ஒரே நாள்ல வந்துடுச்சே! வெள்ளிக்கிழமை மத்த ஸ்கூல் லைப்ரரிக்காரங்கல்லாம் கூட்டத்துக்கு வர்றாங்க. நீங்கதான் பேஜைக் காட்டி விளக்கணும்.”

மதியம் பி.டி. மாஸ்டர் வந்தார். மைதானம் அதிரக் கத்துகிற மனுஷன். குரல் இன்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“மேடம், அந்தப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததா ஒரு ஞாபகம்…”

“எல்லாரும் சொல்றதுதான் மாஸ்டர். கையில வாங்கினா அந்த நிமிஷமே ரிஜிஸ்டர்ல கோடு போட்டுடுவேன். முப்பது வருஷப் பழக்கம். உங்க பேர்ல கோடு இல்லையே!”

பக்கத்தில் நின்ற ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“சரி மேடம். தேடிப் பார்க்கறேன்.”

வியாழக்கிழமை காலை, முதல் மணி அடிக்கும் முன்பே மேஜைமேல் புத்தகம் இருந்தது.

“வீட்ல பீரோ மேல கிடந்துச்சு மேடம். மன்னிச்சிடுங்க.”

“நான் சொன்னேன்ல? பசங்களுக்கு நாமதானே மாஸ்டர் வழிகாட்டணும்?”

அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

பதினொன்றுக்குப் பதினொன்று! இணையப் பக்கத்தில் போட வேண்டாமா? அட்டையைப் படமெடுத்தாள். உள்ளே அழகாக ஏதாவது பறவை அகப்படுமா என்று பின்னாலிருந்து புரட்டினாள்.

கடைசிப் பக்கத்தின் மூலையில், நீலப் பென்சிலில் ஒரு டிக். பக்கத்தில் தேதி. கீழே கையெழுத்து.

அவளுடைய கையெழுத்து.

வருஷ விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும்போது, அலமாரியில் இருக்கிற புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சரிபார்த்து அவள் போடுகிற டிக். வெளியே போன புத்தகத்தில் அது விழ வழியே கிடையாது. தேதி, நாலு மாதத்துக்கு முந்தையது.

அவளுக்குக் காது மடல் சுட்டது. அவர் எப்போதோ கொடுத்திருக்கிறார். வாங்கி அடுக்கியவள்தான் கோடு போட மறந்திருக்கிறாள்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள்.

“மாஸ்டர், இது எங்க கிடைச்சுது?”

“பீரோ மேல…”

டிக்கைக் காட்டினாள். அவர் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார்.

“அஞ்சாவது அலமாரி, கீழ்த்தட்டு. நேத்து நீங்க கிளம்பினப்புறம் ப்யூன்கிட்ட சாவி வாங்கித் தேடினேன்.”

“அங்கேயே படம் பிடிச்சுப் போட்டு என்னைக் கிழிகிழின்னு கிழிச்சிருக்கலாமே! எதுக்கு வீட்ல கிடைச்சுதுன்னு பழியை உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?”

“படம் பிடிச்சேன் மேடம். போடத்தான் பிடிச்சேன். அதுக்கு முன்னால என்னைப் பத்தின கமெண்டையெல்லாம் இன்னொரு தடவை படிச்சேன். நாளைக்கு இதே மாதிரி உங்களைப் பத்தி எழுதுவாங்க, நீங்க உட்கார்ந்து படிப்பீங்களேன்னு தோணுச்சு. அழிச்சிட்டேன்.”

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“விடுங்க மேடம். நாளைக்குக் கூட்டம் நல்லபடியா முடியட்டும். பசங்க ரெண்டு நாள்ல மறந்துடுவாங்க.” விசிலை ஊதிக்கொண்டு ஓடிவிட்டார்.

திரும்பி வந்தவள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நீல டிக்கின் படத்தையும் சேர்த்தாள்.

‘மாஸ்டர் இந்தப் புத்தகத்தை எப்போதோ கொடுத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டு, தரவில்லை என்று ஊரறியச் சொன்னவள் நான். நூலகர்.’

ஐந்தே நிமிஷத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

“அக்கா, என்ன காரியம் பண்ணிட்டீங்க! நாளைக்குக் கூட்டத்துல இந்தப் பேஜைத்தானே பெரிசா திரையில காட்டுவாங்க? மொதல்ல அழிங்க!”

லைப்ரரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

“அத்தனை பேர் பாராட்டுறப்ப நான் உண்மையைச் சொல்ல மாட்டேம்மா. என்னை எனக்குத் தெரியும். அதான் இன்னிக்கே போட்டுட்டேன்.”