பீரோவுக்குப் பின்னால் இருந்த நிறம்

போடியில், ஜாய்ஸ் வீட்டுப் படுக்கையறைச் சுவரில் பெயிண்டர் முத்துவீரன் இரண்டு கட்டங்கள் அடித்து வைத்திருக்கிறார். இரண்டுமே வெளிர் கத்தரிப்பூ நிறம். "ரெண்டும் ஒண்ணுபோலத்தான்க்கா தெரியுது" என்கிறார். ஜாய்ஸ் ஜன்னலை விரியத் திறக்கிறாள். மலைப்பக்கத்துச் சாய்வெயில் பட்டதும் இடது கட்டம் லேசாகச் சாம்பல் காட்டுகிறது. வலது கட்டத்தில் ரோஸ் எழும்புகிறது. கல்யாணமான வருஷக் கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டுக்காரர் சுண்ணாம்பில் நீலமும் ரோஸ் பவுடரும் கலக்கித் தன் கையால் அடித்த சுவர் இது. அதற்குப் பிறகு இந்த அறையில் வேறு பிரஷ் பட அவர் விட்டதேயில்லை. அவர் இல்லாத இரண்டாவது கிறிஸ்துமஸ் வருகிறது. இடது கட்டமும் பழைய சுவரும் அச்சாகப் பொருந்துகின்றன. முத்துவீரன் மூச்சுப் பிடித்துப் பீரோவை நகர்த்துகிறார். பின்னால், வெயிலே படாத சுவர், நேற்று அடித்ததுபோல ரோஸ் கலந்து நிற்கிறது.

"இதுதான்க்கா ஒரிஜினல். அப்ப வலதுபக்கத்துக் கலரையே அடிச்சிருவமா?"

ஜாய்ஸ் அந்த இடத்தில் உள்ளங்கையை வைக்கிறாள். ஓரத்தில் அன்றைய சுண்ணாம்பு ஒரு துளி வழிந்து உறைந்திருக்கிறது.

"இல்ல தம்பி. நானும் அவுகளும் இத்தனை வருஷமா பாத்துக்கிட்டுக் கெடந்தது அந்த வெளுத்த கலரத்தான். இடதையே அடிங்க" என்கிறாள். கையை எடுக்கவில்லை. "இங்கன மட்டும் பிரஷ் வேணாம். பீரோவத் தள்ளி மூடிருங்க."