பாதிப் பூசணி

பூசணியைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஒரு பக்கம் வீட்டுக்காரர். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மறுபக்கம் டெய்லர், கழுத்தில் அளவு டேப்போடு.

"பாத்து, சம்பந்தி. கொடிய மிதிச்சிடாதீங்க," என்றார் டெய்லர்.

வீட்டுக்காரர் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றார். பிள்ளையைப் பெற்றவர் என்ற மிடுக்கெல்லாம் இந்தத் தோட்டத்தில் செல்லாது.

போன வருஷம்வரை இது தோட்டமே இல்லை. வீட்டின் பின்பக்கம் கட்டாந்தரையாகக் கிடந்தது. துணி காயப்போடும் கம்பி, உடைந்த தண்ணீர்த் தொட்டி, அதன் நிழலில் தூங்கும் ஒரு பூனை.

ஒரு நாள் காலையில் டெய்லர் வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"பின்னாடி இடம் சும்மாதானே கிடக்கு. நான் நாலு காய்கறி போட்டுக்கட்டுமா?"

 வீட்டுக்காரர் விறுவிறுவென்று போய்ப் பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

டெய்லருக்குத் தையலைத் தவிர வேறொன்றும் தெரியாது. முதலில் தூவிய கீரை விதையை எறும்புகள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. அடுத்த முறை மண்ணுக்கு அளவெடுத்துப் பாத்தி கட்டினார். சட்டைக்குப் பொத்தான் வைப்பதுபோல விதை வைத்தார். தக்காளி காய்த்தது.

வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர், எந்த நாளில் எழுந்து மண்வெட்டியைப் பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இப்போது டெய்லர் வருவதற்குள் தண்ணீர் ஊற்றி முடித்துவிடுகிறார்.

பூசணியை எடை போடத் தராசு இல்லை. டெய்லர் தூக்கிக் கொடுக்க, வீட்டுக்காரர் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடம்பு எடை பார்க்கும் மெஷின்மேல் ஏறினார். முள் ஓடி ஓடிக் கடைசிக் கோட்டில் போய் முட்டியது.

"காய் அவ்வளவெல்லாம் இருக்காது. முக்காவாசி சம்பந்தியோடதுதான்," என்றார் டெய்லர்.

வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் பூசணி கைநழுவப் பார்த்தது. சத்தம் கேட்டு, அவர் மனைவி கத்தியோடும் இரண்டு பைகளோடும் வந்தாள்.

டெய்லர் டேப்பைச் சுற்றிப் பிடித்து, நடுவில் சாக்பீஸால் கோடு போட்டார். வீட்டுக்காரர் கத்தியை இறக்கினார். பூசணி இரண்டாகப் பிளந்து, மஞ்சள் மஞ்சளென்று விரிந்தது.

அத்தனை அளவெடுத்தும் ஒரு பாதி பெரிதாகத்தான் விழுந்திருந்தது.

"பெரிசு உங்க பொண்ணுக்கு. பூசணின்னா அவளுக்கு உசுரு," என்று அதைப் பையில் வைத்தாள் வீட்டுக்காரரின் மனைவி.

"மாப்பிள்ளைக்கும் ரொம்பப் பிடிக்குமே," என்று சொன்ன டெய்லர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

போன வருஷமென்றால் ஒரு பையே போதுமாக இருந்திருக்கும். பெண்ணும் மாப்பிள்ளையும் அப்போது ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். கோர்ட்டில் விவாகரத்து ஆன மறுவாரம்தான், டெய்லர் இந்தக் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது.

அவர் தலை குனிந்தபடி டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்காரர் சின்னப் பாதியைத் தன் மகனுக்கென்று எடுத்து வைத்தார். பெரிய பையைத் தூக்கி டெய்லரின் கையில் கொடுத்தார்.

"பிரிஞ்சது அவங்க ரெண்டு பேரும்தான். நம்ம ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கச் சொல்லி எந்த ஜட்ஜும் சொல்லலையே. காலையில சீக்கிரம் வாங்க சம்பந்தி, அவரைக்குப் பந்தல் போடணும்."