முதலில் உயர்ந்த கை

"சி.பி.எஸ்.இ. இப்ப வேணாம். நம்ம பிள்ளைங்களுக்குச் சமச்சீரே போதும்" என்று தலைமையாசிரியை ஜோதியம்மாள் சொன்னதும் தனத்துக்குச் சுருக்கென்றது.

வேங்கிக்காலில் இருக்கும் அந்தச் சின்னக் கிறிஸ்தவப் பள்ளியில் அன்று பெற்றோர் கூட்டம். அடுத்த வருஷத்திலிருந்து எந்தப் பாடத்திட்டம் என்று முடிவாக வேண்டும். தாளாளர் அன்பரசன் ஜெபம் பண்ணி ஆரம்பித்தார். பிள்ளைகள் வேறு பள்ளிக்கு ஓடுகிறார்கள், மாறினால்தான் பிழைப்போம், மாறினாலும் வேதபாட வகுப்பு அப்படியே இருக்கும் என்றார். சம்மதிப்பவர்கள் கையைத் தூக்கினால் போதும்.

ஜோதியம்மாள் மட்டும் குறுக்கே நின்றார். ஒரு வருஷம் பொறுக்கலாம் என்று கெஞ்சாத குறை. ஏன் என்று கேட்டதற்கு, தனத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் மகள் சிந்துஜாவை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

அந்தப் பார்வைதான் தனத்தைக் கிளப்பிவிட்டது.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அவளுக்குக் கடை. கற்பூரமும் தண்ணீர் பாட்டிலும் விற்றுத்தான் மகளைப் படிக்க வைக்கிறாள். தான் ரோட்டில் நின்றது போதும், சிந்துஜாவாவது கலெக்டர் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். வேறு ஆசையே கிடையாது.

எழுந்துவிட்டாள்.

"கடைக்காரி பொண்ணுக்கு அதெல்லாம் ஏறாதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா டீச்சர்? இதான் உங்க ஏசு சொல்லிக் குடுத்ததா?"

மற்ற பெற்றோர் கைதட்டினார்கள். ஜோதியம்மாள் தன் இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டார்.

கைதட்டல் அடங்குமுன் தனம் கையைத் தூக்கினாள். முதல் கை அவளுடையதுதான். தயங்கியவர்களும் அதைப் பார்த்துத் தூக்கினார்கள். தாளாளர் நன்றி ஜெபம் சொல்லி முடித்தார்.

தனத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சிந்துஜா ஓடினாள். வாசலில் ஜோதியம்மாள் கண் சிவந்து நின்றிருந்தார். ஜெயித்தவர்களுக்குப் பெருந்தன்மை தானாக வந்துவிடும் அல்லவா?

"கோச்சுக்காதீங்க டீச்சர்."

"உன்மேல கோவமில்ல தனம். சிந்துஜாவுக்கு இனிமே இங்க இடம் இல்ல."

தனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜோதியம்மாள் மெல்லச் சொன்னார். புதுப் பாடத்திட்டத்துக்கு யார் யாரை வைத்துக்கொள்வது என்று பார்க்கத்தான் போன மாதம் வெளியூர் ஆட்கள் வந்து ஒரு பரீட்சை வைத்தார்கள். தேறாதவர்களுக்கு டி.சி. இந்த ஊர் நிலவரம் தெரியாமல் பௌர்ணமிக்கு மறுநாள் வைத்துவிட்டார்கள். சிந்துஜா கேள்வித்தாள் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். இன்று காலைதான் முடிவு வந்தது. மறுபரீட்சை கேட்டதற்குத் தாளாளர் மசியவில்லை. ஒரு வருஷம் தள்ளிப்போனால் எப்படியாவது தேற்றிவிடலாம் என்று ஜோதியம்மாள் பார்த்தார்.

அந்தப் பௌர்ணமிக்குக் கூட்டம் ஜாஸ்தி. தூக்கம் வருதும்மா என்ற மகளை விடிகிற வரைக்கும் கடையில் நிறுத்தி வைத்தவள் தனம்தான்.

"இத உள்ளயே சொல்லியிருக்கலாமே டீச்சர்..."

"எப்படிம்மா சொல்லுவேன்? அத்தன பேர் நடுவுல அவளும்தான உக்காந்திருந்தா?"