சிவப்பு மணி

"முந்தானையை உதறும்மா."

லோகாம்பாள் உதறவில்லை. மாரோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கலியாணசுந்தரத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. மணி இவளிடம்தான் இருக்கிறது.

அது 1971. முசரவாக்கம் பக்கத்தில் ஒரு மேட்டைக் கலியாணசுந்தரத்தின் பொறுப்பில் தொல்பொருள் ஆய்வுக்காகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழிக்குள் ஒரு தாழி வெளிப்பட்டது. உள்ளே கைக்குழந்தையின் எலும்புகள். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் யாரோ பெற்ற பிள்ளை. வயிற்றுக்குள் கிடப்பதுபோலவே முடக்கிப் படுக்கவைத்துப் புதைத்திருந்தார்கள். கழுத்துப் பக்கம் மண் ஒட்டிய ஒரு சிவப்பு மணி. பக்கத்தில் உடைந்த கிண்ணம்.

அதைப் பார்த்த அன்றைக்குக் கலியாணசுந்தரத்துக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற குடும்பம் அவனுடையது. "எம்.ஏ. படிச்சிட்டு ஓடு பொறுக்கப் போறான் பாரு" என்று தெருவே சிரித்தது. அத்தனை வாயையும் அடைக்க இந்த ஒரு மணி போதும் என்று நினைத்தான்.

மெட்ராஸிலிருந்து பெரிய புரொபசர் பார்க்க வருகிற காலையில்தான் மணியைக் காணோம்.

காவல்காரன் சிட்டிபாபு சொன்னான்: "நேத்து எல்லாரும் மேல ஏறின பொறவு இந்தம்மா மட்டும் திரும்பி வந்து குழியில எறங்குச்சி சார். என் கண்ணால பார்த்தேன்."

லோகாம்பாள் மண் சுமக்கப் புதிதாகச் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள்.

"எறங்கினியா?"

"எறங்கினேன் சார்."

"எதுக்கு?"

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"மணியை எடுத்தியா?"

"எடுக்கல சார். அந்தப் புள்ளை மேல சத்தியம்."

"எந்தப் புள்ளை?"

"தாழியில இருக்குதே... அந்தப் புள்ளை."

சிட்டிபாபு சிரித்துவிட்டான். "செத்து ரெண்டாயிரம் வருசமான புள்ளை மேல சத்தியமாம்!"

கலியாணசுந்தரத்துக்குக் கோபம் தலைக்கேறியது. "அப்போ எதுக்கு எறங்கினே? அதையாவது சொல்லித் தொலை!"

அவள் சுற்றி நின்ற ஆண்களை ஒருமுறை பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள். கூட வேலை செய்கிற அலமு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், அப்படியே மூடிக்கொண்டாள்.

"செத்த குழந்தை கழுத்துல இருக்கிறதை எடுக்க உனக்கு எப்படிம்மா கை வந்தது? நீயும் ஒரு பொம்பளைதானே?"

அதுவரை அழாதவளுக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. மண்கூடையைக் கீழே வைத்தாள். வரப்பில் ஏறி நடந்துவிட்டாள்.

புரொபசர் வந்தார். எலும்பைப் பார்த்தார். மணி இல்லை என்றதும், "ஆளைப் பார்த்து வேலைக்கு வைக்கணும், கலியாணசுந்தரம்" என்று ஒரே வார்த்தையோடு காரில் ஏறிவிட்டார்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்து ஓட்டுத் துண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். தாழிக்குள்ளிருந்த உடைந்த கிண்ணத்தை, புரொபசர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே அவன்தான் மண்ணோடு அள்ளிக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்திருந்தான். தண்ணீரில் போட்டான். மண் கரைந்தது.

அடியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

எடுத்துப் பார்த்தான். அந்த மணிதான். கிண்ணத்தோடு சேர்த்து மணியையும் அள்ளிக்கொண்டு வந்தது அவன் கைதான்.

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. மனசு கேட்கவில்லை. ஈரக் கையோடு சைக்கிளை எடுத்தான்.

லோகாம்பாள் குடிசையின் படல் சாத்தியிருந்தது. பக்கத்து வாசலில் அலமு சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"லோகாம்பாள் எங்கேம்மா? மணி கிடைச்சிடுச்சு. அவ எடுக்கல. தப்பு என்னுதுதான். எல்லார் முன்னாடியும் திட்டினேன். எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். நாளைக்கே வேலைக்கு வரச் சொல்லும்மா."

அலமு நிமிர்ந்தாள். "யார்கிட்ட சார் சொல்றது? ஊரே திருடி திருடின்னு பேசிச்சி. புருசன் முனிசாமியும் போட்டு அடிச்சிட்டான். அப்பறம் ரெண்டு பேரும் மூட்டையக் கட்டிக்கினு பூட்டாங்க. எங்கியோ செங்கல் சூளைன்னாங்க. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியல."

கலியாணசுந்தரம் சாத்தியிருந்த படலைத் திரும்பிப் பார்த்தான்.

"எதுக்குக் குழியில எறங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான்..."

"அத்தினி ஆம்பளைங்க நடுவுல எப்படி சார் சொல்லுவா? எனக்குத் தெரியும். பாவி, நானும்தான் வாயத் தொறக்காம நின்னுட்டேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மூணு மாசக் கொழந்தை சார் அவளுக்கு. ஜொரம் வந்து பூட்சி, வேலைக்கு வர்றதுக்கு முந்தின வாரம்தான். பொதைக்க எடுத்துக்கினு போனப்போ பொம்பள வரக்கூடாதுன்னு இவள விடல. எந்த எடத்துல பொதைச்சாங்கன்னுகூட யாரும் காட்டல."

அவன் சைக்கிளைப் பிடித்தபடியே நின்றான்.

"புள்ளை பூட்சி. மாருல பால் நிக்கலியே சார்! கட்டிக்கினு உசுரு போற வலி. செவுத்துல பீச்சி விடுடின்னேன். மாட்டேன்னுட்டா. அன்னிக்கு அந்தி சாயக் குழியில எறங்கினாளே... அந்தத் தாழிப் புள்ளைக்கு வார்த்துட்டு வந்தா."