குதிரைக்கான கட்டம்

சவாரி உரிமம் வாங்கிய முதல் வருஷம் கழுதையில்தான் போக வேண்டும், குதிரையில் ஏறக் கூடாது என்பது அந்தக் காட்டுச் சட்டம். விலக்கு வேண்டுமென்றால் ஆமையிடம் மனுப் போட வேண்டும்.

குரங்கு மனுவோடு வந்து நின்றது. "ஐயா, அம்மாவுக்கு முடியலை. வைத்தியர் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கார். எங்க வீட்டுல இருக்கிறது குதிரை மட்டும்தான். கொஞ்சம் பார்த்துப் பண்ணுங்க."

ஆமைக்கு மனசு இளகிவிட்டது. மனுவில் ஒரே ஒரு கட்டம்தான் காலியாக இருந்தது: குதிரையின் கருத்து. கூப்பிட்டு விசாரிக்க ஒரு நாளாகும். பாவம், எதற்கு அலைய விட வேண்டும் என்று ஆமை தானே அதை நிரப்பி முத்திரை குத்தி, அனுமதிச் சீட்டைக் கொடுத்தது.

மறுநாள் குதிரை மட்டும் தனியாக வந்தது. சேணம் வயிற்றுக்கடியில் தொங்கியது.

"பள்ளத்துல கிடக்கான். உயிர் இருக்கு. ஆனா இனிமே மரம் ஏற மாட்டான்."

"நீயாவது மெதுவாகப் போயிருக்கக் கூடாதா?"

"இறக்கத்துல எனக்கு நிக்க வராதுங்க ஐயா. ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ஆமை மனுவை எடுத்துப் பார்த்தது. அந்தக் கட்டத்தில் அதன் கையெழுத்து குண்டுகுண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது: 'ஆட்சேபணை இல்லை.'