மலாக்கி கேட்காதது

குழியில் மண் தள்ளி முடிப்பதற்குள் ஒருவர் அவன் தோளைத் தட்டினார்.

யாரோ பக்கத்து ஊர்ப் பால்பண்ணைக்காரர். கல்லறைத் தோட்டத்தின் கற்சுவரைக் காட்டினார். நான்கடி இருக்கும். ஒரே ஒரு தடவை தாண்டிக் காட்டினால் ஊரில் போய்ச் சொல்லிக்கொள்வாராம்.

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இருபது வருஷமாக இதே பாடுதான். உயரம் தாண்டுவதில் அயர்லாந்துக்கே முதல்வன் என்று பெயர் வாங்கிய நாளிலிருந்து, வேலி, வைக்கோல் வண்டி, மதுக்கடை மேசை, எதைக் கண்டாலும் அவனைத் தாண்டச் சொன்னார்கள். கல்யாணத்தன்று புதுக்கோட்டுடன் இரண்டு நாற்காலிகளைத் தாண்ட வைத்தார்கள். மணப்பெண் நோரா அன்று சிரித்தாள்.

அப்புறம் சிரிப்பதை விட்டுவிட்டாள்.

போன மாதம் அவன் முழங்காலைப் பார்த்த டாக்டர், இனி மாடிப்படிகூடப் பார்த்துத்தான் ஏறவேண்டும் என்றார். சொன்ன வாயாலேயே, அந்தக் காலத்தில் இந்த மேசையைத் தாண்டியிருப்பீர்களா என்று கேட்டார்.

"நான் சாவுக்கு வந்திருக்கேன்."

பால்பண்ணைக்காரர் ஒதுங்கிப் போனார்.

செத்தவன் மலாக்கி. மாவட்டத்தின் அயர்லாந்துக் கால்பந்து அணியில் கோல்கீப்பர். அந்த ஆட்டத்தில் பந்தைக் கையால் பிடிக்கலாம். பதினோரு வருஷம் மலாக்கி கோலிலிருந்து உதைத்தான். மைதானத்தின் நடுவில் இவன் எகிறிப் பிடித்தான்.

இரண்டு தடவை கோப்பை வந்தது அப்படித்தான்.

மலாக்கியின் மனைவி பிரீட் வந்தாள். நீட்டிய கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க தாண்டறத கிட்ட நின்னு அவர் பாத்ததே இல்ல. தலைநகரத்துல நீங்க ஜெயிச்சப்பகூட மாட்ட விட்டுட்டு வர முடியல. ஒரு தடவையாவது பாத்துரணும்னு சொல்லிட்டே இருப்பார்."

ஏன் கேட்கவில்லை என்றான். கோபமாகவே வந்தது குரல்.

"எல்லாரும் கேட்டு அவன் உசிர வாங்கறாங்க, நானும் கேக்கணுமான்னுவார்."

கையை விட்டாள்.

கூட்டம் வாசலை நோக்கி நகர்ந்தது. தூறல் பிடித்தது.

மடையன், என்றான் மண்மேட்டைப் பார்த்து.

நோரா குடையோடு தேடி வந்தபோது, அவனுடைய கோட் பிரீட்டின் கையில் இருந்தது. அவன் கற்சுவருக்கு எதிரே குனிந்து இடது பூட்ஸின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான்.

நோரா என்னவோ சொல்ல வந்தாள்.

பிறகு குடையை மடக்கிக்கொண்டு வழிவிட்டு நின்றாள்.