ஆறாவது விரல்

"எல்லாரும் ஒரு நிமிஷம் இந்தக் கையில எத்தனை விரல்னு எண்ணுங்க" என்றார் ஹெர்மாந்தோ, மேடைத் திரையைக் காட்டி.

எண்ணினோம். ஆறு.

அடுத்த படம் போட்டார். அதிலும் வலது கையில் ஆறு விரல். அதற்கடுத்ததிலும் ஆறு. மண்டபத்தில் சிரிப்பு கிளம்பியது. மேடை ஓரத்தில் நின்ற வெனிங்குக்கு முகம் செத்துப்போயிற்று.

குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைகிற இளசுகளுக்காக இந்தோனேசியாவில், எங்கள் செமாரங் நகரத்தில் ஒரு பதிப்பகம் நடத்திய போட்டி அது. ஜெயித்தால் படங்கள் புத்தகமாக வரும். வெனிங் இருபது வயதுப் பெண். அவளுடைய 'அப்பாவின் லும்பியா' கடைசிச் சுற்று வரை வந்திருந்தது. விடிகாலையில் எழுந்து, மூங்கில் குருத்தை வதக்கி, மெல்லிசு ரொட்டியில் வைத்து லும்பியாவாகச் சுருட்டி, வண்டி தள்ளிக்கொண்டு போகிற ஓர் அப்பாவின் கதை.

அந்தப் பதிப்பகத்தின் ஆசிரியரும் நடுவர் குழுத் தலைவருமான ஹெர்மாந்தோவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பளபளவென்று மெழுகுச் சாயம் போட்ட பட்டு பாத்திக் சட்டை. எங்கே மைக் கிடைத்தாலும் "கலைங்கிறது மனுஷன் கை" என்று ஆரம்பித்துவிடுவார். அந்த மகானுபாவர் தன் கையால் கடைசியாக எப்போது படம் வரைந்தார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால், எது ஏஐ போட்ட படம் என்று கண்டுபிடிப்பதில் புலி என்று பேர் வாங்கியிருந்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. விரலை எண்ணுவார். மெஷினுக்கு விரல் கணக்கு வராதாம்.

"பென்சிலையே தொடுறதில்ல இந்தக் காலத்துப் பிள்ளைங்க. மெஷின்கிட்ட ரெண்டு வரி சொல்றது, அது கொடுக்கிற படத்துல தன் பேரை எழுதிக்கிறது. வெட்கமா இல்லையாம்மா உனக்கு?"

வெனிங் தன் பையிலிருந்து பென்சில் படங்களை எடுத்து நீட்டினாள். லும்பியா கட்டுகிற அட்டைப் பெட்டிகளின் உள்பக்கத்தில் வரைந்தவை. சின்ன வயசிலிருந்தே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைத்தான் வரைந்துகொண்டிருக்கிறாளாம். மனுஷர் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. பென்சில்ல போட்ட மாதிரியும் மெஷினே போடும் என்று சொல்லிவிட்டார். நாங்களாவது ஏன் என்று கேட்டோமா? அதுவும் இல்லை. அங்கே கொடுத்த பலகாரப் பெட்டியை ஆளுக்கொன்று மடியில் வைத்துக்கொண்டு நன்றாக வேடிக்கை பார்த்தோம்.

"அது எங்க அப்பா கை ஐயா. அவருக்கு ஆறு விரல்தான்" என்றாள் வெனிங்.

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. போன வருஷம் ஒருத்தன் 'எங்க வீட்டு ஆட்டுக்கு அஞ்சு கால்' என்றான், இந்த வருஷம் இந்தப் பொண்ணு என்று மைக்கிலேயே சொன்னார் ஹெர்மாந்தோ. அப்புறம், கூட்டிட்டு வாம்மா உங்க அப்பாவை, அவர் கையையும் எண்ணிடலாம் என்றார்.

"வந்திருக்கார்" என்றாள். ஆனால் அவரை அழைக்கவில்லை.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். கடைசி வரிசையில் லும்பியா வண்டிக்காரர் தார்சோனோ. பல தடவை நானே அவரிடம் லும்பியா வாங்கியிருக்கிறேன். இடது கையால் கொடுத்தால் மரியாதை இல்லை என்பதால் வலது கையால்தான் பொட்டலம் நீட்டுவார். அந்தக் கையில் எப்போதும் ஒரு துணி சுற்றியிருக்கும். சூடு தாங்காமல் சுற்றியிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். இன்றைக்குத் துணி இல்லை. கை கால்சட்டைப் பைக்குள் இருந்தது.

"அப்பா, வேண்டாம்பா" என்றாள் வெனிங்.

அவர் எழுந்தார். இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் குனிந்து குனிந்து நடந்து மேடைக்கு வந்தார். பையிலிருந்து கையை எடுத்து எல்லாருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டி விரல் இருந்தது.

"என் பொண்ணு எண்ணித்தான் வரைஞ்சிருக்கா ஐயா" என்றார்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் தலை குனிந்துகொண்டார்கள். நான் மடியிலிருந்த பலகாரப் பெட்டியை மூடிக் காலடியில் வைத்தேன்.

ஹெர்மாந்தோ மட்டும் தடுமாறவில்லை. தடுமாறுகிற ஆளா அவர்? அடுத்த நொடியே தார்சோனோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தக் கையைத் தன் கையோடு சேர்த்துத் தூக்கி, நாலு பக்கமும் திரும்பிப் போட்டோவுக்கு நின்றார். "இதைத்தான் இத்தனை வருஷமா நான் சொல்லிட்டிருக்கேன், கலைங்கிறது மனுஷன் கை" என்றார். முதல் பரிசு வெனிங்குக்கு என்று அறிவித்தார். மண்டபமே எழுந்து கைதட்டியது. கொஞ்சம் முன்னால் சிரித்தவர்கள்தான் ஓங்கித் தட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபோது வாழ்த்துச் சொல்ல நான் மேடைக்குப் போனேன். ஹெர்மாந்தோ வெனிங்கிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சின்னத் திருத்தம்மா. புத்தகத்தை வாங்குறவங்களும் விரலைத்தான் எண்ணுவாங்க. ஏஐ போட்ட படம்னு எவனாவது கிளப்பிவிட்டா எங்க பேர் கெட்டுடும். அந்த ஒரு விரலை மட்டும் எடுத்துட்டா புத்தகம் உடனே அச்சுக்குப் போயிடும்."

வெனிங் அப்பாவைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் எடுக்க மாட்டேன் ஐயா. அது இல்லேன்னா அது எங்க அப்பாவே இல்ல" என்றாள்.

ஹெர்மாந்தோ சிரித்தபடி அவள் தோளில் தட்டினார்.

"நீ ஏம்மா சிரமப்படணும்? ஆபீஸ்ல ஏஐ வச்சிருக்கோம். கொடுத்தா ஒரு நொடியில எடுத்துடும்."